உயிரியல் கேள்வி பதில்: சுருட்டையா, குழிவிரியனா?

கேள்வி: எந்தப் பாம்பு கடித்தாலும் விஷமுறிவு மருந்து ஒன்றுதானே? பிறகு எதற்கு இத்தனை சிற்றினங்களாகப் பிரித்து வைக்கிறார்கள்? (வாசகர், வால்பாறை)

பதில்: மருந்து ஒன்றுதான், ஆனால் எல்லாப் பாம்புக்கும் ஆனதல்ல. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் குதிரைக்குச் செலுத்தி அதைத் தயாரிக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளிலும் தோட்டங்களிலும் மூக்கு நுனி மேலே தூக்கிய குழிவிரியன் ஒன்று உண்டு. அதன் கடிக்கு இந்த மருந்து கேட்காது. கேரளத்தில் அதைச் சுருட்டை என்று நினைத்து மருந்தேற்றிப் பலனில்லாமல் போனது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. போதாக்குறைக்குக் குதிரைப் புரதத்தால் கடுமையான ஒவ்வாமையும் வரலாம்.

இந்தக் குழிவிரியனுக்குக் கண்ணுக்கும் நாசித்துளைக்கும் நடுவே ஒரு குழி இருக்கும். தலை உச்சியில் பெரிய தகடுகள். சுருட்டைக்குக் குழி கிடையாது. தலை முழுக்கப் பொடிச் செதில், மிரண்டால் உடலை உரசிச் சரசரக்கும். தூரத்திலிருந்து எடுத்த படம் போதும், பாம்பைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடாதீர்கள்.

அங்கே செய்யும் 20 நிமிட உறைதல் சோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. 2 மி.லி. இரத்தத்தைப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் ஆட்டாமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புத்தூளில் கழுவிய குழாயிலோ நல்ல இரத்தமே உறையாமல் நிற்கும். தேவையே இல்லாதவருக்கு மருந்து ஏறிவிடும். சரியான குழாயிலும் உறையாவிட்டால் விஷம் ஏறியிருக்கிறது என்றுதான் பொருள். எந்தப் பாம்பு என்று அந்தக் குழாய் சொல்லாது.

கேள்வி: முதலைக்கு நெருங்கிய சொந்தம் பல்லியா, உடும்பா? (வாசகி, கடலூர்)

பதில்: இரண்டும் இல்லை, பறவை! இன்றைய வகைப்பாடு தோற்றத்தை வைத்தல்ல, பொது மூதாதையை வைத்து நடப்பது. முதலைக்கும் பறவைக்கும் இதயத்தில் நான்கு அறைகள், பல்லிக்கு மூன்று.

கேள்வி: ‘புதிய சிற்றினம்’ என்று எதை வைத்து அறிவிக்கிறார்கள்? (வாசகர், இராஜபாளையம்)

பதில்: உங்கள் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. மண்ணுக்குள் வாழும் ஊதாத் தவளையை 2003-இல் விவரித்தார்கள். அதன் நெருங்கிய உறவுகள் சீஷெல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவில் கிடைத்த, அதே வகையைச் சேர்ந்த இன்னொரு தவளையைத் தனிச் சிற்றினமாக 2017-இல் அறிவித்தார்கள். டி.என்.ஏ., ஆணின் குரல், இனப்பெருக்கப் பருவம் என்று பல சான்றுகளைச் சேர்த்துத்தான் அந்த முடிவு. மாதிரிக்காக ஓர் உடலை அருங்காட்சியகத்தில் வைத்து, புதுப்பெயரை அதனோடு இணைத்து வெளியிட வேண்டும். பிற்பாடு சந்தேகம் வந்தால் அந்த உடலை எடுத்துத்தான் ஒப்பிடுவார்கள்.

கேள்வி: பிணந்தின்னிக் கழுகு அழிந்தால் என்ன? நாயும் காகமும் இருக்கின்றனவே? (வாசகர், ஈரோடு)

பதில்: சடலத்தைத் தின்று தீர்ப்பதில் நாய்க்குக் கழுகின் வேகம் கிடையாது, கிடைக்கும் இறைச்சியில் நாய்கள் பெருகினால் வெறிநோய் ஆபத்தும் கூடும். இந்தியாவில் வெண்முதுகுப் பாறு (பாறு என்பது பிணந்தின்னிக் கழுகின் இன்னொரு பெயர்) 1992க்கும் 2007க்கும் இடையே 99 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. காரணம், மாட்டுக்கு வலிநிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபினாக். அந்த மாட்டின் சடலத்தைத் தின்ற பாறுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படியும். நூற்றில் ஒரு சடலத்துக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் வான்கோழிக் கழுகோ இதே மருந்தை அதிக அளவிலும் தாங்குகிறது. பெயரில் கழுகு இருந்தாலும் அது வேறு குடும்பம். அதைச் சோதித்துவிட்டு, ‘கழுகுக்கு ஆபத்தில்லை’ என்று எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கால்நடைக்கான டைக்ளோஃபினாக் 2006-இல் தடைசெய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய புட்டிகள் மாட்டுக்குப் போனதால், 2015-இல் ஊசிமருந்துப் புட்டியை 3 மி.லி.க்குச் சுருக்கினார்கள். கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபினாக் இரண்டையும் கால்நடைக்குப் பயன்படுத்த 2023-இல் தடை வந்தது. உங்கள் மாட்டுக்கு வலி ஊசி தேவைப்பட்டால் மெலாக்சிகாம் போடச் சொல்லிக் கேளுங்கள். என்ன ஊசி போட்டார்கள் என்றே தெரியாத மாடு இறந்தால் வெளியில் எறியாமல் ஆழமாகக் குழிதோண்டிப் புதையுங்கள்.