அந்த வகுப்புக்குப் போனால் பெயர் கெட்டுப்போகுமா?

கேள்வி: நான் யாழ்ப்பாண மருத்துவபீடத்தில் இரண்டாம் வருடம். ஊர் பருத்தித்துறைப் பக்கம். கொக்குவிலில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறேன். ஏ.எல்.லில் எங்கள் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தவள். இப்போது அனற்றமி (உடற்கூற்றியல்) ஸ்பொட் சோதனையில், மேசை மேசையாகப் போய் அங்கே வைத்திருக்கும் உடற்பாகத்தை அடையாளம் சொல்லும்போது, மணி அடித்ததும் கை வியர்த்துப் பேனை வழுக்குகிறது. தெரிந்த நரம்பின் பெயரும் வருவதில்லை. நித்திரையும் குறைவு. மன அழுத்தத்தைச் சமாளிக்க எட்டு வாரக் குழுப் பயிற்சி ஒன்று தொடங்கப்போகிறார்களாம். சீனியர் அக்கா ஒருவர் பெயரைக் கொடுக்கச் சொல்கிறார். அம்மாவிடம் சொன்னேன். "உனக்கென்ன விசரே? அங்கை போனால் நாளைக்கு ஆர் கலியாணம் பேசி வருவினம்?" என்கிறா. படிக்கிற நேரமும் போய்விடும். போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்: மகள், பெயரைக் கொடுங்கள். கொடுக்க முன் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: குழுவை நடத்தப்போகிறவர் யார்? உங்கள் வைவாவில் (வாய்மொழிப் பரீட்சையில்) மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கப்போகிறவரே இதையும் நடத்தினால் ஒருவரும் வாய் திறக்கமாட்டீர்கள். உங்களுக்குப் புள்ளி போடாத ஒருவர் நடத்துவதுதான் சரி. குழுவில் பேசியது வெளியே போகாது என்று முதல் நாளே எல்லோரும் ஒத்துக்கொள்ளவும் வேண்டும். பருத்தித்துறை பஸ்ஸில் ஏறினால் அம்மாவைத் தெரிந்த நாலு பேராவது இருக்கிற ஊர் இது. அம்மாவின் பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை.

நடுவில் இருத்தி மனதைக் கொட்டச் சொல்வார்கள் என்று பயப்பட வேண்டாம். இப்படியான குழுக்களில் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக இருப்பீர்கள். விருப்பமில்லாதவர் பேசாமல் இருக்கலாம். முதல் நாள் பெரும்பாலும் உடம்போடேயே போய்விடும். கையை முஷ்டியாக இறுக்கி, ஏழெட்டு விநாடி வைத்திருந்து, சட்டென்று விடுவது. பிறகு தோள், நெற்றி, தாடை. (தாடையை இன்றிரவே கவனியுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு படிப்பது பலருக்குத் தெரிவதேயில்லை.) எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வைத்தியர் 1920களிலேயே வகுத்த முறை இது. போர்க்காலத்திலும் சுனாமிக்குப் பிறகும் எங்கள் உளவளத்துணையாளர்கள் சனத்துக்குச் சொல்லிக்கொடுத்ததும் இந்த வகைத் தளர்வுப் பயிற்சிதான். அவர்கள் எல்லோருக்கும் விசரா என்று அம்மாவிடம் கேட்டுப் பார்க்கலாம், நல்ல மனநிலையில் இருக்கும்போது.

அடுத்தது மூச்சு. உள்ளே இழுக்கும் நேரத்தைவிட வெளியே விடும் நேரத்தை நீட்டினால் இதயத்துடிப்புத் தணியும். காரணம், மூளையிலிருந்து இதயத்துக்குப் போய் அதன் துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பு. ஸ்பொட்டில் அதன் பெயர் மறந்தாலும் அது தன் வேலையைச் செய்யும். ஒரு மேசையில் விடை வராவிட்டால் அடுத்த மேசைக்கு நடக்கும்போது நீளமாக ஒரு மூச்சு விடுங்கள். ஆனால் சோதனை மண்டபத்தில் முதன்முதலாகச் செய்து பார்த்தால் பலிக்காது. அறையில் தினமும் பத்து நிமிடமாவது செய்து பழகியிருக்க வேண்டும். வாராவாரம் கூடுவதே அந்தப் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்கத்தான்.

இதெல்லாம் யூடியூபிலும் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் உங்கள் பட்சில் அநேகமாக எல்லோருமே தத்தம் பள்ளிக்கூடத்தில் முன்னுக்கு நின்றவர்கள். இங்கே யாரோ கடைசியாக வந்துதானே ஆக வேண்டும்? அந்தப் பயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு திரிகிறீர்கள். 43 நாடுகளின் மருத்துவ மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான கட்டுரையின்படி, ஏறத்தாழ 27 வீதமானோரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருந்தன. அப்படி இருந்தவர்களில் சிகிச்சையை நாடியவர்கள் 16 வீதம்கூட இல்லை. பக்கத்துக் கதிரைக்காரருக்கும் கை வியர்க்கிறது என்பதை அவர் வாயாலேயே கேட்பதற்குத்தான் குழு.

நேரக் கணக்குக்கு வருவோம். புத்தகத்தை விரித்துவைத்து ஒரே பக்கத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஓர் இரவு மணிக்கூட்டைப் பாருங்கள். வாரத்தில் ஒரு பின்னேரம் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அமெரிக்காவில் எட்டு வாரம் குழுவாகத் தியானப் பயிற்சி எடுத்த மருத்துவ மாணவர்களுக்குப் பதற்றம் குறைந்ததாக 1998இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அளந்தது பரீட்சைக் காலத்தில்.

அதற்காக எல்லாவற்றையும் மூச்சால் சரிக்கட்ட முடியாது. நாளைக்கு வாட்டில் நோயாளிக்கு முன்னால் யாராவது உங்களை மாடு, எருமை என்று ஏசினால், அது ஏசுகிறவர் திருத்த வேண்டிய குறை. அதைப் பல்லைக் கடித்துப் பொறுக்கப் பழக்குகிற வகுப்பாக இது மாறினால் அங்கேயே கேள்வி கேளுங்கள்.

நித்திரையின்மை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ, செத்துப்போனால் நல்லது என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலோகூட எட்டு வாரக் குழுவுக்காகக் காத்திருக்க வேண்டாம். மாணவ ஆலோசகரிடமோ போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கோ போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கும் அழைக்கலாம்.

அம்மாவோடு வாதாடி வெல்ல முடியாது. முடிவில் சேர்டிபிக்கற் தருவார்களா என்று அந்த அக்காவிடம் கேட்டுச் சொல்லுங்கள். தருவார்கள் என்றால் அம்மாவே பிடித்து அனுப்பிவைப்பா.