உலகம் சுற்றிய படங்கள் வரிசை மாறியிருந்தால்

வணக்கம். தனியாக உலகம் சுற்றி வந்தபின் தொகுக்க உட்கார்ந்தால் கேமரா படங்களும் போன் படங்களும் முன்பின்னாகக் கலந்திருக்கின்றன, ஆக்லாந்திலிருந்து சாந்தியாகோ பறந்த இடத்தில் டைரியில் ஒரே தேதி இரண்டு முறை வருகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

டைரி சரிதான், திருத்தாதீர்கள். பசிபிக்கில் நாள் மாறும் தேதிக்கோட்டைக் கிழக்கு நோக்கிக் கடந்தால் ஒரு நாள் திரும்பக் கிடைக்கும். மேற்கே போனால் ஒரு நாள் காணாமல் போகும். மேற்கு நோக்கி உலகைச் சுற்றிய மெகல்லன் அணியின் விக்டோரியா கப்பல் 1522 ஜூலையில் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் வெர்டே தீவுகளைத் தொட்டபோது கப்பலில் புதன், கரையில் வியாழன். அந்தக் கப்பலில் தினமும் குறிப்பெழுதிய பயணி பிகாஃபெட்டாவே திகைத்துப்போனார். தேதிக்குப் பக்கத்தில் ஊர்ப் பெயரை எழுதிவையுங்கள், போதும்.

போன் அந்தந்த ஊர் நேரத்துக்கு மாறியிருக்கும், கேமரா மாறாது; அதனால்தான் வரிசை கலைந்தது. கேமரா முழுக்க இந்திய நேரத்தில் ஓடியது நல்லதாகப் போயிற்று. கேமரா படங்களை நகலெடுத்து, நாடுவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெருவுக்குப் பத்தரை மணி நேரம் குறைக்க வேண்டும். அங்குள்ள குஸ்கோ நகரில் காலை 6 மணிக்கு எடுத்த படம் கேமராவில் மாலை 4:30 என்றுதான் இருக்கும். நியூசிலாந்துக்குக் கூட்ட வேண்டும்: ஆறரை, கோடைகால நேரம் என்றால் ஏழரை. எக்சிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் மொத்தமாக மாற்றித் தரும்.

அப்புறம், சூட்டால் எழுத்து விழும் தெர்மல் தாளில் அச்சான பஸ் டிக்கெட், போர்டிங் பாஸ் இருந்தால் இன்றைக்கே ஸ்கேன் செய்யுங்கள். எழுத்து மங்கிவிடும், பார்க்கவே மனசு கஷ்டப்படும். காய்ச்சலில் விடுதியில் படுத்த நாள் மாதிரி படமே இல்லாத நாட்களை முதலில் எழுதுங்கள்.

மாற்றியும் வரிசை சேராவிட்டால், ஒரே காட்சியைக் கேமரா, போன் இரண்டிலும் எடுத்த படங்களின் நேரத்தை இங்கே போடுங்கள். கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்.