இடது தோளுக்கு ஏற்ற வாய்நிரப்பு ரைபிள் கிட்: எங்கே, எப்படித் தேடுவது?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன், இடது கைப் பழக்கம் உள்ளவன். குழலின் வாய்வழியாக வெடிமருந்தும் குண்டும் இட்டுச் சுடும் பழைய பாணி ரைபிளை, கிட் வாங்கி நானே பூட்டிச் செய்ய ஆசை. கடைகளில் காண்பவை எல்லாம் வலது கைக்காரர்களுக்கே. இடது கைக்கான கிட் எங்கே கிடைக்கும்? இருப்பதை வாங்கிச் சமாளிக்கலாமா?

பதில்: லாக் என்பது மருந்தைப் பற்றவைக்கும் அமைப்பு. அது பெர்கஷன் லாக் (குதிரை எனும் சுத்தியல், கேப் எனும் சிறு வெடிமூடியை அடித்துப் பற்றவைப்பது) என்றால் சமாளிக்கலாம். பிளின்ட்லாக் (கல் உரசி எழும் பொறியால், குழலின் பக்கத்தில் உள்ள சிறு கிண்ணத்து மருந்தைப் பற்றவைப்பது) என்றால் வேண்டாம். இடது லாக் கிடைக்கும்வரை காத்திருங்கள்.

காரணம், உங்கள் முகம் இருக்கும் இடம். இடது தோளில் வைத்துச் சுடும்போது உங்கள் கன்னம் கட்டையின் (ரைபிளின் மர உடலின்) வலப்பக்கத்தில் படியும். வலது கை ரைபிளில் லாக்கும் அதே பக்கத்தில்தான் இருக்கிறது. கிண்ணத்து மருந்து பற்றும்போது எழும் சுவாலை, கல்லிலிருந்து தெறிக்கும் பொறி, பற்றுவாய் (குழலுக்குள் தீ நுழையும் சிறு துளை) வழியே பக்கவாட்டில் சீறும் சூடான வாயு எல்லாம் உங்கள் வலது கண் இருக்கும் பக்கத்தில் நிகழும். குழலைத் தாங்கும் வலது முன்கையும் அந்த வாயுவின் பாதைக்கு மிக அருகில் இருக்கிறது. பாதுகாப்புக் கண்ணாடி கண்ணைக் காக்கும்; முகத்தருகே எழும் சுவாலைக்கு உடல் கூசுவதை அது தடுக்காது. கூச்சம் ஒருமுறை பழகிவிட்டால் குறி தவறிக்கொண்டே இருக்கும். பெர்கஷனில் குதிரையின் குழிந்த முகம் கேப்பை மூடிக்கொள்வதால் தெறிப்பு வெகுவாகக் குறைகிறது. கண்ணாடி அணிந்து வலப்பக்க லாக்கோடு காலமெல்லாம் சுடும் இடது கைக்காரர்கள் உண்டு.

பணம் கட்டுமுன் உங்கள் ஆளும் கண், அதாவது குறி பார்க்கையில் முந்தி நிற்கும் கண், எது என்று பாருங்கள். இரு கைகளாலும் சிறு இடைவெளி அமைத்து, தொலைவில் உள்ள ஒரு பொருளை அதன் வழியே இரு கண்களாலும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் இடைவெளிக்குள்ளேயே நிற்கிறதோ, அதுவே ஆளும் கண். அது வலது கண்ணாக இருந்தால், வலது தோளில் சுடப் பழகிப் பார்த்துவிட்டுப் பிறகு கிட் தேடுங்கள். எழுதுவது இடது கையால் என்பது மட்டும் இங்கே போதாது.

இனி தேடல். “இடது கை கிட்” என்று ஒரே பெட்டியாகத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பெருமளவில் தயாராகும் மலிவான கிட்கள் பெரும்பாலும் வலது கைக்கானவை. எந்தெந்த உறுப்புக்கு இடம் வலம் உண்டு என்று பிரித்துப் பார்த்தால் வழி திறக்கும். லாக்குக்கு உண்டு. லாக்குக்கான பள்ளம் குடைந்து வரும் கட்டைக்கும், அதன் கன்ன மேட்டுக்கும் உண்டு. பெர்கஷன் குழலில் கேப் அமரும் முளை எந்தப் பக்கம் என்பதும் கணக்கு. ஆனால் பற்றுவாய் துளைக்காத எண்கோணக் குழல் இரு பக்கத்துக்கும் பொது. விசைத் தொகுதியும் முன்பின் பித்தளைப் பூண்களும் பெரும்பாலும் அப்படியே.

ஆகவே உறுப்புகளைத் தொகுத்து விற்பவர்களிடம் போங்கள். மினசோட்டாவின் டிராக் ஆஃப் தி உல்ஃப், ஜிம் சேம்பர்ஸ் பிளின்ட்லாக்ஸ் ஆகிய இரண்டிலும் தொடங்கலாம். சைலர் எனப்படும் லாக் வகைக்கு இடப்பக்க வடிவம் உண்டு. எல் அண்ட் ஆர் நிறுவனமும் இடது லாக்குகள் செய்கிறது. குழல்கள் அருகருகே அமைந்த பழைய இரட்டைக் குழல் துப்பாக்கிகளில் பொதுவாக ஓர் இடது லாக்கும் இருக்கும் என்பதால், இது கொல்லர்களுக்குப் புதிய வேலையே அல்ல. தட்டுப்பாடு கட்டையில்தான். பென்சில்வேனியா நீள் ரைபிளின் எல்லா வட்டாரப் பாணிகளிலும் இடது கட்டை கிடைக்காது. பாணியை முதலில் முடிவு செய்துவிட்டுக் கட்டை தேடாதீர்கள்; கிடைக்கும் இடது கட்டைகளிலிருந்து பாணியைத் தேர்ந்தெடுங்கள். முழு மரக்கட்டையை நீங்களே செதுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் லாக் பள்ளம் குடைவது இந்த வேலையின் கடினமான பகுதிகளில் ஒன்று. முதல் ரைபிளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கன்ன மேடு வலப்பக்கமும், பேட்ச் பெட்டி (குண்டைச் சுற்றும் துணித்துண்டுகளை வைக்கக் கட்டையில் உள்ள சிறு பெட்டி) இடப்பக்கமும் வர வேண்டும். பின்கட்டை பக்கவாட்டில் சற்று வளைந்திருக்குமானால் அந்த வளைவு இடப்புறமாக இருக்கிறதா என்று கேளுங்கள். வலப்புறம் வளைந்த கட்டையில் குறிமுள்ளோடு கண்ணை நேர்ப்படுத்தக் கழுத்தைத் திருக வேண்டியிருக்கும்.

மரபுத் தோற்றம் முக்கியமில்லை என்றால், குதிரை குழலுக்கு அடியில் அமைந்த வகை உங்களுக்குப் பொருந்தும். அதில் இடம் வலம் என்ற பேச்சே இல்லை. ஆனால் வேட்டைக்குத்தான் வாங்குகிறீர்கள் என்றால் உங்கள் மாநில விதியைப் பாருங்கள். இந்த வகை பெரும்பாலும் பெர்கஷன்; பென்சில்வேனியாவிலோ பிளின்ட்லாக்குக்கென்றே மான் வேட்டைப் பருவம் உண்டு. 1968-ஆம் ஆண்டின் கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டம் கருமருந்து வாய்நிரப்பு ரைபிள்களைப் பொதுவாகப் பழம்பொருள் வகையில் சேர்க்கிறது. மாநிலச் சட்டங்கள் அதைவிடக் கடுமையாக இருக்கலாம்.

பழைய சந்தையையும் விட்டுவிடாதீர்கள். லைமன் நிறுவனத்தின் கிரேட் பிளெயின்ஸ் ரைபிள் இடது கை வடிவிலும் வந்தது. வாங்குமுன் குழலின் உட்புறத்தில் அரிப்பு இருக்கிறதா என்று வெளிச்சமிட்டுப் பாருங்கள். முதலில் கம்பி நுழைத்து, உள்ளே பழைய மருந்து இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். புதிதோ பழையதோ, இவற்றில் கருமருந்தும் அதற்கென விற்கும் மாற்று மருந்தும் மட்டுமே இட வேண்டும். புகையில்லா மருந்து குழலை வெடிக்கச் செய்யும்.

உறுப்புகளை ஆர்டர் செய்யும்போது, பின்னடைப்பு (குழலின் பின்முனையை மூடும் அடைப்பு) பொருத்திய, பற்றுவாய் துளைக்காத குழல் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். லாக்கைக் கட்டையில் பதித்த பின்னரே கிண்ணத்துக்கு நேராகத் துளையின் இடத்தைக் குறிக்க முடியும்.