உழவர் கேள்வி – பதில்: மாமனாருடன் நின்றுபோன தவணை

கேள்வி: எங்களுக்கு நாலரை ஏக்கர் மானாவாரிக் காடும் சிறு கிணற்றுத் தோட்டமும் உண்டு. மாமனார் பெயரில் மத்திய அரசின் உழவர் உதவித்தொகையான பிஎம் கிசான் பணம் வந்துகொண்டிருந்தது. சென்ற ஆண்டு அவர் காலமானபின் தவணை நின்றுவிட்டது. இப்போது என் கணவரும் கொழுந்தனாரும்தான் பாடுபடுகிறார்கள். சேவை மையத்தில் கேட்டால், 2019-க்குப் பிறகு நிலம் பெற்றவர்களுக்குக் கிடையாது என்கிறார்கள். ஒரு தவணை இரண்டாயிரம் ரூபாய்க்கு இப்படி அலைவது பிச்சை கேட்பது போலிருக்கிறது என்று மாமியார் வருந்துகிறார். விட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, அவிநாசி வட்டம்

பதில்: விட்டுவிடாதீர்கள், சகோதரி. 1.2.2019 அன்று யார் பெயரில் நிலம் இருந்ததோ அவருக்கே உதவித்தொகை என்பது விதிதான்; ஆனால் நில உடைமையாளர் இறந்து, வாரிசுரிமையாக நிலம் கைமாறினால் அந்தத் தேதி தடையாகாது என்று அதே விதி விலக்கும் அளிக்கிறது. மையத்தில் உங்களுக்குச் சொல்லப்பட்டது விலைக்கு வாங்கிய நிலத்துக்குப் பொருந்தும்.

இந்தப் பணம் பட்டாவைப் பார்த்து வருகிறதே தவிர, உழைப்பவரைப் பார்த்து வருவதில்லை. ஆகவே, இறப்புச் சான்றிதழையும் வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழையும் வைத்து முதலில் பட்டாவை மாற்றுங்கள். உங்கள் மாமியாரும், நாத்தனார்கள் இருந்தால் அவர்களும் வாரிசுகளே. பெண்கள் பெயரை ஒதுக்கிவிட்டுப் பட்டா மாற்றும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது, அது சட்டப்படியும் தவறு, நியாயப்படியும் தவறு. கூட்டுப் பட்டாவாக இருந்தாலும் கவலையில்லை. கணவன், மனைவி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் சேர்ந்ததே இத்திட்டத்தில் ஒரு குடும்பம் என்பதால், வருமான வரி செலுத்துவது போன்ற விலக்குக் காரணங்கள் இல்லாத பட்சத்தில், அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் தனித்தனியே ஆண்டுக்கு 6,000 ரூபாய் கோரலாம். மாமனாரின் இறப்பை வட்டார வேளாண்மை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவர் மறைவுக்குப் பின் ஏதேனும் தவணை கணக்கில் ஏறியிருந்தால் அதை எடுக்க வேண்டாம், திருப்பிக் கேட்பார்கள்.

பணம் பெற ஆதார் வழியாக அடையாளத்தை உறுதிசெய்யும் விரல்ரேகைப் பதிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மஞ்சள் வெட்டியும் கடலைக்காய் பறித்தும் ரேகை தேய்ந்துபோன ஒரு மூதாட்டி, சேவை மையத்தில் பெருவிரலை முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தும் கருவி ஏற்காமல் கண்கலங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மாமியாருக்கு அந்த நிலை வந்தால், ஆதாருடன் இணைந்த கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணாலோ, 2023 முதல் திட்டத்தின் செயலியில் உள்ள முகப் பதிவாலோ முடித்துவிடலாம்.

பிச்சை என்ற சொல்லை மட்டும் அவர் மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மின்கட்டண உயர்வை எதிர்த்து விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் நம் விவசாயிகள் போராடிய காலத்தில், 1970 ஜூன் 19 அன்று, உங்கள் ஊருக்கு அருகிலுள்ள பெருமாநல்லூரில் மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். இன்று உங்கள் கிணற்று மோட்டார் கட்டணமில்லாமல் ஓடுவதற்குப் பின்னால் அப்படிப்பட்டவர்களின் போராட்டம் இருக்கிறது. அவர்கள் கேட்டது உரிமை. நீங்கள் கேட்பதும் அதுவே.

கேள்வி: மூன்று ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துக் கடலைக்காய் போடுகிறேன். எனக்குப் பிஎம் கிசான் உதவித்தொகை கிடைக்குமா?
– ஒரு வாசகர், வெள்ளக்கோவில்

பதில்: கிடைக்காது. சொந்த நிலம் உள்ளவருக்கே இத்திட்டம். மண்ணில் பாடுபடுபவரை வெளியே நிறுத்தும் இந்த விதி மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். உங்கள் பகுதிக்கு உங்கள் பயிர் அறிவிக்கை செய்யப்பட்டிருந்தால், காரீப் எனப்படும் மழைக்காலப் பருவ எண்ணெய் வித்துக்கு உங்கள் பங்குத் தொகை காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காட்டைத் தாண்டாது. அதற்குக் கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல், அதாவது நிலத்தில் யார் என்ன பயிரிடுகிறார் என்ற பதிவின் நகல், தேவை. அதில் பயிரிடுபவராக உங்கள் பெயர்தான் எழுதப்பட்டிருக்கிறதா என்று, அலுவலகத்தை விட்டு வெளியேறுமுன் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்.