இருமலே இல்லாதவருக்கு டிபி வருமா?

கேட்டிருந்த கேள்வி: சளி இல்லை, இருமல் இல்லை, நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தம். கழுத்துக் கட்டியைப் பார்த்து டிபியாக இருக்கலாம் என்கிறார்கள். நுரையீரலை விட்டு வேறு இடத்தில் காசநோய் வருமா?

வரும். எங்கள் அம்மாவுக்கு வந்தது.

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊர். 2022 மாசியில் அம்மாவின் இடது கழுத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒன்று தட்டுப்பட்டது. வலி இல்லை. "பல்லு சொத்தையாயிருக்கு, அதான் நெறி கட்டிகிச்சி" என்று அவளே வைத்தியம் சொல்லிக்கொண்டாள். பாட்டி மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு "கண்டமாலை மாதிரி இருக்கே" என்றாள். நாங்கள் சிரித்தோம். கழுத்தில் மாலை கோத்தது போலக் கட்டிகள் வரும் நோய்க்கு அந்தக் காலத்துப் பெயர் அது. பெரும்பாலும் அது நெறிக்கட்டியில் வரும் காசநோய்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

டவுனில் ஒரு கிளினிக்கில் மூன்று முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். சளி டெஸ்ட் நெகட்டிவ், எக்ஸ்ரே நார்மல், "டிபி எல்லாம் இல்லம்மா" என்று அனுப்பினார்கள். இரண்டரை மாதம் அப்படியே போனது. எனக்கு ஆற்றாமை இதில்தான். கிருமி கழுத்தில் உட்கார்ந்திருக்கும்போது சளியில் தேடினால் எங்கே கிடைக்கும்? எங்கே கட்டியோ அங்கேயிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும். உங்களுக்கும் நான் சொல்ல வருவது இந்த ஒன்றுதான்.

அப்புறம் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். எஃப்.என்.ஏ.சி. எழுதினார்கள். பெயரைப் பார்த்து ஆபரேஷன் என்று பயந்தோம், ஊசி குத்துவதுதான். கட்டியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு மெல்லிய ஊசியை உள்ளே விட்டு முன்னும் பின்னும் நகர்த்தி இழுத்தார்கள். சிரிஞ்சில் வந்தது ரத்தம் இல்லை, தயிர்த் திப்பி மாதிரி ஏதோ. கொஞ்சத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவினார்கள், மிச்சம் சிபிநாட் சோதனைக்குப் போனது. கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படுமா என்று இரண்டையும் அதிலேயே சொல்லிவிடுகிறார்கள். கூடவே சர்க்கரைக்கும் எச்.ஐ.வி.க்கும் ரத்தம் எடுத்தார்கள். அதற்கு முகம் சுளிக்காதீர்கள், டிபி என்றால் எல்லோருக்கும் எடுப்பதுதான்.

கிருமி பெரும்பாலும் மூச்சு வழியாகத்தான் நுழைகிறது. நுரையீரலில் தங்காமல் ரத்தத்திலும் நிணநீரிலும் கலந்து வேறு எங்காவது போய் வருடக்கணக்கில் தூங்கும். உடம்பு தளரும்போது எழும். முடி, நகம் தவிர எங்கு வேண்டுமானாலும் வரும் என்பார்கள். நம் நாட்டில் பதிவாகும் காசநோயாளிகளில் சுமார் நான்கில் ஒருவருக்கு நுரையீரலுக்கு வெளியேதான். பக்கத்து பெஞ்சில் பென்னாகரத்துக்காரர் ஒருவர் இருந்தார். மூட்டை தூக்கிப் பிடித்துக்கொண்ட வலி என்று மாதக்கணக்கில் தைலம் தேய்த்தாராம், அவருக்கு முதுகெலும்பில். 1779-லேயே அதை எழுதிவைத்த ஆங்கிலேய மருத்துவர் பெர்சிவல் பாட் பெயரில் 'பாட்ஸ் ஸ்பைன்' என்று அவர் ரிப்போர்ட்டில் இருந்தது. கால் மரத்துப்போக ஆரம்பித்த பிறகுதான் வந்திருக்கிறார். எல்லாவற்றிலும் மோசம் மூளை உறையில் வருவது. வாரக்கணக்கில் தலைவலி, காய்ச்சல், வாந்தி, பேச்சில் குழப்பம் என்றால் ஒரு நாளும் தள்ளக்கூடாது.

மருந்து இலவசம். அம்மா 46 கிலோ, அதனால் தினம் 3 மாத்திரை. முதல் 2 மாதம் நான்கு மருந்து சேர்ந்தது, அடுத்த 4 மாதம் மூன்று மருந்து சேர்ந்தது. எலும்பு, மூளை என்றால் பொதுவாக ஒரு வருடம் வரை போகும். சத்துணவுக்கு அப்போது மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்தது, 2024 நவம்பரிலிருந்து 1000.

முதல் நாள் மாத்திரை போட்டதும் அம்மா அலறியடித்துக்கொண்டு வந்தாள். "டேய், கேசரிப் பவுடர் கரைச்ச மாதிரி போகுதுடா!" ரிஃபாம்பிசின் சிறுநீரை அப்படித்தான் ஆக்கும், பயமில்லை. ஆனால் கண் மஞ்சளித்தாலோ, பார்வை மங்கினாலோ, சோறு இறங்காமல் வாந்தி வந்தாலோ உடனே போய்ச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது மாதம் கட்டி பெருத்து உடைந்து கசிந்தது. மருந்தே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டாள். சாகிற கிருமியை உடம்பு எதிர்ப்பதால் சிலருக்கு அப்படிப் பெருக்கும், மருந்து தோற்றது என்று அர்த்தமில்லை என்று டாக்டர் சொல்லித்தான் தொடர்ந்தாள். அங்கே நிறுத்தியிருந்தால் கதையே வேறு.

பெரியம்மா தனி டம்ளர் எடுத்து வைத்ததும் நடந்தது. நுரையீரலிலும் சேர்ந்து இல்லாதவரை இது காற்றில் பரவுகிற வகை இல்லை. டம்ளரில் தொற்றுகிற நோய் எந்த டிபியும் இல்லை. அம்மா அந்த டம்ளரில்தான் இப்போது மாட்டு மருந்து கலக்குகிறாள்.

கழுத்தில் இன்னும் புளியங்கொட்டை அளவு ஒன்று தட்டுப்படுகிறது. முழு கோர்ஸ் முடிந்தும் இப்படி மிச்சம் நிற்கலாம், வளரவில்லை என்றால் விடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அம்மா நம்பவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம், நான் செருப்பைக் கழற்றுவதற்குள், கழுத்தை நீட்டி "தொட்டுப் பாருடா" என்கிறாள்.