லெகோல ஒரு மீட்டர் கேஜ் எஞ்சின் - வாசகர் கடிதமும் பதிலும்

அண்ணாச்சிக்கு வணக்கம்,

நான் ஆரியங்காவு பக்கம். செங்கோட்டை - புனலூர் பழைய மீட்டர் கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) லைன் பத்தி நீங்க எழுதுனத படிச்சுதான் எனக்கு இந்தக் கிறுக்கு புடிச்சுது. லெகோல ஒரு ஒய்பி எஞ்சின், அதான் அந்த மீட்டர் கேஜ் ஸ்டீம் எஞ்சின், கட்டிருக்கேன், டெண்டரோட (கரியும் தண்ணியும் வைக்கற பின் வண்டி), முழுக்க கருப்பு, எட்டு ஸ்டட் (லெகோ கட்டை மேல இருக்கற குமிழ்) அகலம். போட்டோ அனுப்பிருக்கேன். புனலூர் ஃப்ரெண்ட் ஒருத்தன் பாத்துட்டு கொள்ளாம், நல்லாருக்குன்னு சொன்னான், அடுத்த நிமிஷமே "ஆனா இது ஏதோ வெளிநாட்டு வண்டி மாதிரில்ல இருக்கு"ன்னுட்டான். எங்க இடிக்குதுன்னு எனக்கே புரியல. வளைவுல வேற தடம் புரண்டுகிட்டே இருக்கு, சக்கரத்து ராடு அப்பப்ப இறுகி நிக்குது. இன்னொரு சந்தேகம், 3டி பிரிண்ட் பண்ணுன பார்ட் போட்டா அது கள்ள ஆட்டமா? முடிஞ்சா பதில் போடுங்க.

- ஆரியங்காவு வாசகர்

தம்பிக்கு,

போட்டோவ பெருசு பண்ணி பாத்தேன். உங்க ஃப்ரெண்ட் சொன்னது சரிதான், ஆனா அவருக்கு காரணம் சொல்லத் தெரியல, காரணம் எஞ்சின் மூஞ்சியிலயே இருக்கு. முன்னாடி சிவப்பு பீம்ல ரெண்டு பக்கமும் வட்டமா ரெண்டு பஃபர் (வண்டிங்க முட்டிக்கும்போது இடி தாங்கறது) வச்சிருக்கீங்க பாருங்க, அது பிராட் கேஜ், அதாவது அகல பாதை சமாச்சாரம். நம்ம ஊர் மீட்டர் கேஜ் வண்டிக்கு நடுவுல ஒரே ஒரு பஃபர்தான், கொக்கியும் அதுலயே. நீங்க வேணும்னு பண்ணுனது இல்லன்னு தெரியும், லெகோ ரயிலுக்குன்னு விக்கிற ரெடிமேட் பீம்லயே ரெண்டு பஃபரும் நடுவுல காந்தமும் சேர்ந்தே வருது, அத அப்படியே மாட்டிட்டீங்க. அத கழட்டிட்டு நடுவுல ஒரு ரவுண்ட் பீஸ், கீழ ஒரு சின்ன கொக்கி வச்சு பாருங்க, பாதி வெளிநாடு அங்கயே போயிரும்.

மீதி பாதி அகலத்துல இருக்கு. இதுக்கு கொஞ்சம் கணக்கு போடணும். ஸ்டீம் எஞ்சின் கட்டறவங்க நெறய பேரு பாய்லர்ல ஆரம்பிக்கறாங்க, இல்லன்னா எட்டு ஸ்டட்னு மொதல்லயே முடிவு பண்ணிட்டு ஆரம்பிக்கறாங்க. நான் என்ன சொல்லுவேன்னா சக்கரத்துல ஆரம்பிங்க. மத்த எதையும் கட்டை மாத்தி மாத்தி பெருசு சிறுசு ஆக்கிரலாம், சக்கரத்த ஆக்க முடியாது, கம்பெனி என்ன சைஸ் வார்த்து குடுத்தானோ அதான். 2009ல எமரால்ட் நைட்ங்கற லெகோ ஸ்டீம் எஞ்சின் செட்டோட வந்த அந்தப் பெரிய ஸ்போக் சக்கரத்துக்கு குறுக்களவு 30 மிமீ, பிளாஞ்ச் (தண்டவாளத்த விட்டு நழுவாம இருக்க சக்கர ஓரத்துல வர்ற விளிம்பு) சேத்தா 37. ஒய்பியோட பெரிய சக்கரம் நாலரை அடி, அதாவது 1372 மிமீ. வகுத்து பாருங்க, 45.7 வருது, கணக்கு சுலபத்துக்கு 45ன்னு வச்சுக்குவோம். அப்போ உங்க எஞ்சினோட ஸ்கேல் 1க்கு 45, அதாவது நெஜத்துல 45ல ஒரு பங்குன்னு சக்கரமே சொல்லிருச்சு, நீங்களோ நானோ முடிவு பண்ண ஒண்ணுமில்ல.

இப்ப அகலத்த பாருங்க. மீட்டர் கேஜ் எஞ்சின் இரண்டரை மீட்டருக்கு கொஞ்சம் மேல, 45ஆல வகுத்தா 57 மிமீ கிட்ட. ஒரு ஸ்டட் 8 மிமீ, ஆக ஏழு ஸ்டட். நீங்க எட்டு வச்சதுனால உடம்பு ஊதி, கேபின் அகண்டு, பிராட் கேஜ் வண்டிக்கு சின்ன சக்கரம் மாட்டுன மாதிரி ஆயிருச்சு. ஏழுன்னதும் ஒத்தப்படை, பிளேட் (லெகோல மெல்லிசான தட்டை பீஸ்) எல்லாம் ரெட்டைப்படைன்னு பயப்படாதீங்க, அரை ஸ்டட் தள்ளி வைக்க ஜம்பர் பிளேட் எதுக்கு இருக்கு. ஒத்தப்படைல ஒரு லாபமும் உண்டு, சரியா நடு ஸ்டட்னு ஒண்ணு கெடைக்கும், புகைபோக்கி, ஹெட்லைட், அந்த ஒத்த பஃபர் மூணும் அதே கோட்டுல உக்காந்துரும்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. லெகோ தண்டவாளத்துல ரெண்டு ரெயிலுக்கு நடுவுல 37.5 மிமீ. அத 45ஆல பெருக்குனா 1687. நம்ம பிராட் கேஜ் 1676. அதாவது உங்க ஒய்பிக்கு எல்லா அளவும் சரியா வச்சு லெகோ தண்டவாளத்துல ஏத்துனா அது நிக்கறது அச்சு அசல் பிராட் கேஜ் மேல. நம்ம லைன்ல 2010ல மீட்டர் கேஜ நிறுத்தி 2018ல பிராட் கேஜா திறந்து விட்டாங்கல்ல, உங்க எஞ்சின் இப்ப அந்த புது லைன்ல வந்து நிக்குதுன்னு வச்சுக்கோங்க. சரி, தண்டவாளத்துக்கு ஏத்த மாதிரி ஸ்கேல மாத்தலாமேன்னா 1க்கு 27 கிட்ட போகணும், எஞ்சின் பன்னெண்டு ஸ்டட் அகலம் வரும், சக்கரம் 51 மிமீ வேணும், அதுக்கு எங்க போறது, அப்படியே கெடைச்சாலும் அந்த வளைவுல திரும்பவா போகுது. ஷெல்ஃப்ல வச்சு பாக்கதான்னா ஒரு வழி இருக்கு, லெகோ ட்ராக்க விட்டுட்டு டைல் பீஸ வச்சு நீங்களே ரெயில் போடுங்க, மூணு ஸ்டட் இடைவெளில. 45ல ஒரு மீட்டர்னா 22 மிமீ, மூணு ஸ்டட் 24, போதும். சின்ன தண்டவாளத்து மேல பெரிய உடம்பு ரெண்டு பக்கமும் தள்ளிகிட்டு நிக்கற அந்த மீட்டர் கேஜ் களை அப்பதான் வரும். என் ஓட்டு இதுக்குத்தான். ஆனா உங்களுக்கு ஓடணும்னு ஆசை, கடிதத்துலயே தெரியுது, அதனால ஓடற கதைக்கு வருவோம்.

லெகோ வளைவோட ஆரம் 40 ஸ்டட், 320 மிமீ. நம்ம ஸ்கேல்ல பதினாலரை மீட்டர் கூட வராது. ஆரியங்காவுக்கும் தென்மலைக்கும் நடுவுல மலைய சுத்தி சுத்தி போற நம்ம லைன்லயே அப்படி ஒரு வளைவு கெடையாது, நெஜ ஒய்பிய அதுல ஏத்துனா அதுவும் கவுந்துதான் கெடக்கும். போட்டோல மூணு ஜோடி பெரிய சக்கரத்துக்கும் பிளாஞ்ச் தெரியுது. நடு ஜோடிய பிளாஞ்ச் இல்லாததா மாத்துங்க, எமரால்ட் நைட்லயே அப்படித்தான் குடுத்தான். இது பொம்மைக்காரன் கண்டுபிடிச்ச குறுக்கு வழியும் இல்ல, இங்கிலாந்துல 9எஃப்னு பத்து பெரிய சக்கரம் வச்ச எஞ்சின் ஓடுச்சு, அதுக்கே நடு ஜோடில பிளாஞ்ச் கெடையாது. அடுத்தது முன்னாடி இருக்கற நாலு சின்ன சக்கர போகி, தனியா திரும்பற அந்த சட்டம். அது திரும்பும்போது சிலிண்டர்ல இடிக்கும், இடிச்ச வேகத்துல முன் சக்கரம் மேல ஏறிரும், பாதி தடம் புரளல் அதனாலதான். கையால மெதுவா வளைவுல தள்ளிகிட்டே கீழ குனிஞ்சு பாருங்க எங்க ஒரசுதுன்னு.

ராடு இறுகறது தனி கதை. மொதல்ல ராட சக்கரத்தோட சேக்கற அந்த பின் பீஸ பாருங்க. கருப்பு பின் போட்ருக்கீங்க, அது இறுக்கிப் புடிக்கறதுக்குன்னே வரி வச்சு செஞ்சது. சாம்பல் இல்லன்னா சந்தன கலர்ல வழவழன்னு ஒண்ணு வரும், அத மாட்டுங்க. பெறகு, ஒரு பக்கத்துல இருக்கற மூணு சக்கரத்துலயும் பின் ஒரே கோணத்துல நிக்கணும், அதுக்கு எதிர் பக்கம் கால் சுத்து தள்ளி நிக்கணும். நெஜ எஞ்சின்லயும் இதான், ஒரு பக்க பிஸ்டன் முட்டிகிட்டு தள்ள முடியாம நிக்கற நேரத்துல மறு பக்கம் தள்ளி விடும். நெஜத்துல இந்த 90 டிகிரிய செட் பண்றது பெரிய வேலை, லெகோல அச்சே பிளஸ் குறி வடிவம், சக்கரத்த உருவி ஒரு தடவ திருப்பி மாட்டுனா கச்சிதமா 90 வந்துரும். எனக்கு லெகோல ரொம்ப புடிச்ச விஷயமே இதுதான், யாரும் ஸ்டீம் எஞ்சினுக்குன்னு யோசிச்சு செஞ்சிருக்க மாட்டாங்க. உங்க போட்டோல நடு சக்கரத்து பின் மட்டும் மத்த ரெண்டுக்கும் ஒத்து வராம நிக்குது, கழட்டி சரி பண்ணுங்க.

பிரிண்ட் பண்ணுன பார்ட் பத்தி. இதுல சண்டை போடறவங்க போடட்டும், நான் ராடுக்கு மட்டும் சரின்னு சொல்லுவேன். ஏன்னா லெகோல ராடுக்கு போடற சாதா லிஃப்ட்ஆர்ம் (ஓட்டை வச்ச நீள பீஸ்) ஒண்ணு ஏறக்குறைய 8 மிமீ தடிமன், நம்ம ஸ்கேல்ல அது 35 செமீ! எந்த எஞ்சின்லயும் அப்படி ஒரு தூண் சக்கரத்துல தொங்காது. பாதி தடிமன்ல வர்றத போட்டாலும் 18 செமீ. ஒய்பில வெளிய தெரியற வால்வ் கியர் (சிலிண்டருக்கு ஆவிய திறந்து மூடற கம்பி அமைப்பு) அழகே அந்த மெலிஞ்ச கம்பிங்கதான், அதுக்காக பிரிண்ட் பண்ணலாம், தப்பில்ல. பாய்லர பிரிண்ட் பண்ணுனா மட்டும் எனக்கு சொல்லாதீங்க, பெறகு லெகோ எதுக்கு, மொத்தமா பிளாஸ்டிக் மாடல் வாங்கிரலாமே. பெயிண்டும் எனக்கு ஆகாது.

பாய்லர் நல்லாதான் வந்திருக்கு, அஞ்சு பிளேட் உயரம் ரெண்டு ஸ்டட் அகலத்துக்கு சமம்ங்கற கணக்க வச்சு நாலு பக்கமும் திருப்பிக் கட்டிருக்கீங்க, அத தொட வேண்டாம். கலர் மட்டும் ஒண்ணு. முழுக் கருப்புல கட்டுனா போட்டோல ஒண்ணுமே தெரியாது, ஸ்மோக்பாக்ஸயும் (பாய்லர் முன்னாடி புகை சேர்ற பெட்டி) புகைபோக்கியயும் கடும் சாம்பலுக்கு மாத்துனா பாய்லர் எங்க முடியுதுன்னு கண்ணுக்கு தெரியும், நெஜ எஞ்சின்லயும் சூட்டுல அந்த எடம் வெளிறித்தான் கெடக்கும்.

மோட்டார எஞ்சினுக்குள்ள திணிச்சிருக்கீங்க போல, கேபின் ஜன்னல் வழியா ஒயர் தெரியுது. அத டெண்டருக்கு மாத்துங்க, பேட்டரியும் அங்கயே. டெண்டர் தள்ளும், எஞ்சின் சக்கரம் சும்மா சுத்தும், ராடு ஆடும், பாக்கறவனுக்கு வித்தியாசம் தெரியாது, கேபினும் காலியாகி டிரைவர் பொம்மைக்கு எடம் கெடைக்கும். ஆனா சக்கரம் நல்லா லேசா சுத்தணும், இல்லன்னா தரதரன்னு இழுத்துட்டு போகும், அதனால அந்த கருப்பு பின் பீஸ மாத்திட்டு அப்புறம் மோட்டார்ல கை வைங்க. மாத்துனதும் ஒரு போட்டோ அனுப்புங்க, இந்த தடவ மேல இருந்து எடுக்காதீங்க, ட்ராக் மட்டத்துக்கு ஃபோன எறக்கி நேர் பக்கவாட்டுல எடுங்க, சக்கர இடைவெளியும் பாக்கணும்.