ஹெலிகாப்டரின் அதிர்வை முன்கூட்டியே கணிப்பது ஏன் இவ்வளவு கடினம்?

விமானத்தையே கணினியில் வடிவமைக்கும் காலத்தில், ஹெலிகாப்டர் எவ்வளவு அதிரும் என்று மட்டும் ஏன் சரியாகச் சொல்ல முடியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஆராய்ச்சியாளன் இல்லை. செந்தூலில் இருந்து தினமும் சுபாங் போய் ஹெலிகாப்டர் பராமரிப்பவன்.

சுற்றுக்கு ஒரு தடவை குலுக்கும் அதிர்வு எங்கள் பாடு. பிளேடுகளின் எடை ஒத்துப்போகாது, அல்லது ஒன்று மட்டும் உயரப் பறக்கும். எடை சேர்ப்போம், பிளேடின் சாய்வை மாற்றும் தண்டான பிட்ச் லிங்க்கைத் திருகுவோம். மழை வராவிட்டால் மதியத்துக்குள் முடிந்துவிடும்.

இன்னொரு அதிர்வு ஹெலிகாப்டரோடு கூடவே பிறந்தது. மலேசிய விமானப்படையின் பழைய ஹெலிகாப்டரான நம்ம நூரியையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஐந்து பிளேடு, நிமிடத்துக்கு 203 சுற்று, நுனி வேகம் நொடிக்குச் சுமார் 200 மீட்டர். மணிக்கு 216 கிலோமீட்டரில் பறந்தால், முன்னோக்கி வரும் நுனிக்குக் காற்று 260 மீட்டர் வேகத்தில் மோதும், பின்னோக்கிப் போகும் நுனிக்கு 140தான். இந்த ஏற்ற இறக்கத்தில் பெரும்பகுதி ஐந்து பிளேடுகளுக்குள்ளேயே கழிந்துவிடும். கழியாத மிச்சம்தான் நொடிக்குச் சுமார் 17 துடிப்பாக உடலுக்கு இறங்குகிறது.

அந்த மிச்சம் மிகச் சிறியது என்பதுதான் தலைவலி. லாரியை எடைமேடையில் ஏற்றிவிட்டு, டிரைவர் சட்டைப்பையில் எவ்வளவு சில்லறை என்று கேட்பது மாதிரி. அதுவும் காரணம் மாறிக்கொண்டே இருக்கும். மெதுவாகப் பறக்கையில், முந்தைய பிளேடு விட்டுப்போன சுழலை அடுத்தது வெட்டுகிறது; இறங்கும் நேரத்தில் வரும் அந்த உதறல் இதுதான். வேகம் கூடினால் காற்று பிளேடை முறுக்கும், முறுக்கேறிய பிளேடு காற்றை மாற்றும், மாறிய காற்று மறுபடியும் முறுக்கும்.

1993, 94இல் நாசாவும் அமெரிக்க ராணுவமும் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரின் ஒரு பிளேடில் 242 அழுத்த உணரிகளைப் பதித்துப் பறக்கவிட்டன. அதிவேகப் பறப்பில், முன்னோக்கி வரும் பக்கத்துத் தூக்குவிசை எந்த இடத்தில் குறைகிறது என்பதில்கூடக் கணினிக் கணக்கு பிசகியது. காற்றோட்டக் கணக்கையும் பிளேடு வளையும் கணக்கையும் மாறி மாறிப் பேசவைத்த பிறகு, 2000களின் தொடக்கத்தில்தான் அது நேரானது.

ரோட்டர், அதாவது சுழலும் பிளேடுத் தொகுதி, தரும் விசை கணக்கில் சரியாக வந்தாலும் உடல் இருக்கிறதே! இணைப்பு, இருக்கை, எரிபொருள் அளவு எல்லாமே அதிர்வை மாற்றும். நான் பார்க்கும் ஒரே மாடல் ஹெலிகாப்டர் இரண்டில், எல்லா அளவும் வரம்புக்குள் இருந்தும், ஒன்று என்றால் மட்டும் பைலட்டுகள் முகத்தைச் சுளிப்பார்கள்.